பேர் கேட்டியா?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. மார்ச் முடியட்டும், ஆடிட் முடியட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன் (பேங்க்கில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு இது புரியும்). இப்போது என்னைப் பிடித்து உட்கார வைத்தது எங்கள் வீட்டுப் பெரியவள்.

ப்ளஸ் டூ முடித்ததும் பி.காம். வேண்டாம், இன்ஜினியரிங் வேண்டாம், விஷுவல் கம்யூனிகேஷன்தான் படிப்பேன் என்று நின்றாள். அகமதாபாத்தில் மணிநகர் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பொங்கலுக்கோ வளைகாப்புக்கோ கூடினால் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. நான் விஷயத்தைச் சொன்னதும் ஒரு பெரியவர், "அப்போ கல்யாண வீட்ல போட்டோ எடுக்கப் போறாளா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கவலைப்பட்டார். எனக்குள்ளும் அதே கவலை இருந்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பி.காம். டிகிரியோடு கிளம்பி, பரீட்சை எழுதி, வடக்கே வந்து விழுந்தவன் நான். எனக்குப் போட்டோ என்றால் பாஸ்போர்ட் சைஸ், மூணு காப்பி. காது தெரியணும், சிரிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

போன வருஷம் அவளுக்கு ஒரு அசைன்மென்ட் வந்தது. பெரிய புகைப்படக்காரர்கள் ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒவ்வொருவர் பாணியையும் படிக்க வேண்டும், பிறகு அதே பாணியில் தானே மும்மூன்று படம் எடுக்க வேண்டும். இரண்டு மாசத்துக்குச் சாப்பாட்டு மேஜை முழுக்க லைப்ரரி புத்தகங்கள். தங்கமணி எங்களுக்குத் தரையில்தான் தட்டு வைத்தார். அவள் படித்ததை எல்லாம் ராத்திரி எனக்குச் சொல்லுவாள். அப்படி ஓசியில் நானும் கொஞ்சம் படித்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்களைப் பார்த்துக் காப்பியடித்துப் பழகுவதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. கோலம் அப்படித்தான் வருகிறது, சமையல் அப்படித்தான் வருகிறது, நான் லெட்ஜர் எழுதியதும் பக்கத்து சீட்டு ஹெட் கிளார்க்கைப் பார்த்துத்தான். சண்டை வேறு இடத்தில் வந்தது. அதற்கு வருகிறேன்.

அவள் எடுத்த ஐந்து பேரில் எனக்கு உடனே பிடித்துப்போனவர் ஆன்சல் ஆடம்ஸ். அமெரிக்காவில் மலையும் பாறையும் வானமுமாக எடுத்துத் தள்ளியவர். அவர் வகுத்த ஜோன் சிஸ்டம் என்ற முறையை மகள் விளக்கியபோது எனக்கு ஏதோ சொந்த ஊர் ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது. சுத்தக் கறுப்பிலிருந்து சுத்த வெள்ளை வரை 0 முதல் 10 வரை படி பிரித்து, எதிரே தெரிகிற ஒவ்வொன்றும் படத்தில் எந்தப் படியில் விழவேண்டும் என்று முன்னாலேயே தீர்மானித்துவிடுவது. பட்ஜெட் போடுகிற வேலைதானே இது! 1941-ல் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற ஊரைத் தாண்டிக் காரில் போகிறார். நிலா கிளம்பியிருக்கிறது, கல்லறைச் சிலுவைகள் மேல் கடைசி வெயில் விழுகிறது. அவசரத்தில் வெளிச்சம் அளக்கிற மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலாவின் வெளிச்சம் எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்து மனக்கணக்குப் போட்டு ஒரே ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் வெயில் போய்விட்டது. இவ்வளவு கணக்கான மனுஷர் தேதியை எழுதி வைக்கவில்லை. பிற்பாடு வானியல்காரர்கள் நிலா இருந்த இடத்தை வைத்துக் கணக்கிட்டு, அது 1941 நவம்பர் 1 என்று கண்டுபிடித்தார்கள். வவுச்சரில் தேதி போடாத ஆசாமி, போகட்டும்.

ஆடம்ஸ் பாணியில் எடுக்கிறேன் என்று நடுப்பகலில் சபர்மதியை எடுத்துக்கொண்டு வந்தாள் மகள். வானம் ஒரே வெள்ளை, தண்ணீர் ஒரே வெள்ளை. பதினோரு படியில் இரண்டுதான் இருந்தது. அவளே சிரித்துவிட்டாள்.

அடுத்தவர் ரகுபீர் சிங். ஜெய்ப்பூரில் 1942-ல் பிறந்தவர். கறுப்பு வெள்ளைதான் கலை, கலர் என்றால் விளம்பரம் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், இந்தியாவைக் கலரில்தான் எடுக்க முடியும் என்று பிடிவாதமாகக் கலரிலேயே எடுத்தவர். 1999-ல் இறந்துபோனார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது எனக்குப் பின்னால் ஒரு பாட்டியம்மா வாயால்தான் புரிந்தது.

மூன்றாவது, ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். இவர்தான் எங்கள் வீட்டுச் சண்டைக்குக் காரணம். பிரெஞ்சுக்காரர், 1908-ல் பிறந்து 2004 வரை இருந்தவர். சின்ன லைகா கேமரா, 50 மி.மீ. லென்ஸ். கேமராவின் பளபளப்பு மற்றவர் கண்ணில் படக்கூடாதென்று அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார். யாரையும் நிற்கச் சொல்ல மாட்டார், திரும்பச் சொல்ல மாட்டார். எல்லாம் சரியாக வந்து சேருகிற அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்து எடுப்பார். பாரிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரை ஒருவர் தாண்டும்போது, கால் தண்ணீரில் படுவதற்கு முந்திய நொடியில் 1932-ல் எடுத்த படம் உலகப் பிரசித்தம். 1966-ல் எங்கள் அகமதாபாத்துக்கும் வந்து, நீளநீளச் சேலைகளைப் பெண்கள் வெயிலில் உலர்த்துவதை எடுத்திருக்கிறார். இதைப் பார்த்ததிலிருந்து மகளுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம ஊர்லப்பா! நம்ம ஊர்ல!" (அவளுக்கு நம்ம ஊர் என்றால் அகமதாபாத். எனக்கு அது அம்பை. இந்தப் பஞ்சாயத்து தனி.)

எல்லிஸ் பாலத்துக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமைகளில் குஜரி பஜார் கூடும். பழைய பித்தளை, இரும்புச் சாமான், கட்டில், புத்தகம், துணி, ஆடு வரை கிடைக்கும். அங்கே போனாள். மூன்று மணி நேரம் சுற்றி ஒரு படத்தோடு வந்தாள். பித்தளைச் செம்புகளும் பூட்டுகளும் பரப்பிய கோணியின் பின்னால் ஒரு வயசான அம்மா. தலை கொஞ்சம் குனிந்து, நெற்றியில் கை. கறுப்பு வெள்ளையாக்கி, நாலு பக்கமும் கத்தரித்து, அந்த முகமும் கையும் மட்டும் நிற்கிற மாதிரி பண்ணியிருந்தாள். பார்த்ததும் நெஞ்சில் ஏதோ பண்ணியது. நல்ல படம். பெற்றவன் என்பதற்காகச் சொல்லவில்லை. ஆசிரியரும் அப்படித்தான் சொன்னாராம். பெரிய சைஸில் பிரிண்ட் போட்டு வராந்தாவில் மாட்டினார்கள். தலைப்பு 'அலோன்'. துணையில்லாதவள்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "பேர் கேட்டியாட்டி?"

கேட்கவில்லை. அந்த அம்மாவுக்குத் தன்னைப் படம் எடுத்ததே தெரியாது.

"கேட்டா அந்த மொமென்ட் போயிடும்ப்பா. கேட்டிருந்தா அவங்க முந்தானையைச் சரி பண்ணிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரிச்சிருப்பாங்க. உங்க பாஸ்போர்ட் போட்டோ மாதிரி ஆயிருக்கும். கார்த்தியே-பிரெஸ்ஸோன் யாரையும் கேட்டதில்லை."

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதே கார்த்தியே-பிரெஸ்ஸோனுக்குத் தன்னை யாராவது படமெடுத்தால் ஆகாது. 1975-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கௌரவப் பட்டம் வாங்கும்போது, கேமராக்காரர்களுக்குப் பயந்து காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றவர் அவர். அந்தப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தையும் படிச்சியா என்றேன். ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. தங்கமணி நடுவில் நின்று, உப்பு வேணுமா என்று இரண்டு பேருக்கும் தூது போனார்.

எனக்கு ஏன் இந்த வீம்பு என்றால், அதற்கு ஒரு கொசுவத்தி சுற்ற வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தாஹோத் மாவட்டத்தில் ஒரு கிராமக் கிளையில் இருந்தேன். மத்தியப் பிரதேச எல்லையை ஒட்டிய, பில் பழங்குடி மக்கள் நிறைந்த பகுதி. 2009 என்று ஞாபகம். ஒரு நாள் மத்தியானம் ஒரு அம்மா வந்து கவுண்டருக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தார். பணம் எடுக்கவில்லை, போடவில்லை. கூட்டமெல்லாம் போன பிறகு பக்கத்தில் வந்து, புருஷன் இறந்துபோய்விட்டார் என்றார். நான் வழக்கம்போல இறப்புச் சான்றிதழ், நாமினி என்று ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டினார். பணத்துக்கு வரவில்லையாம். "அவர் முகம் உங்ககிட்ட இருக்குதாமே?" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. கணக்குத் திறக்கிறபோது படிவத்தில் ஒட்டிய பாஸ்போர்ட் சைஸ் படம். அந்த மனுஷர் வாழ்நாளில் எடுத்துக்கொண்ட போட்டோ அது ஒன்றுதான். மிச்சக் காப்பிகள் எங்கே போயின என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

படிவத்தைக் கிளையைவிட்டு வெளியே கொடுக்க முடியாது. மேனேஜரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்டூடியோ பையனைக் கிளைக்கே வரச்சொல்லி, என் மேஜை மேல் படிவத்தை வைத்து, பீரோ சாவிக்கொத்தால் ஓரத்தை அமுக்கிப் பிடித்து, அந்தச் சின்னப் படத்தை எடுக்க வைத்தோம். எங்கள் கிளையின் ரப்பர் ஸ்டாம்ப் அவர் தோளில் பாதி விழுந்திருந்தது. அதை எடுக்க முடியாது என்று பையன் சொல்லிவிட்டான். ஒரு மாசம் கழித்து அந்த அம்மா சட்டம் போட்ட படத்தோடு வந்து கவுண்டரில் எனக்குக் காட்டினார். தோளில் ஊதா ஸ்டாம்ப், மேலே பிளாஸ்டிக் மாலை. சிரிக்கக் கூடாது என்று யாரோ சொன்னதால் முறைத்துக்கொண்டிருக்கிற முகம். எந்தப் பாணியும் இல்லாத படம்தான். ஆனால் அந்த அம்மா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கிப் போனதைப் பார்த்த பிறகு, ஒருவர் படம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒருவர் முகத்தை எடுத்துக்கொண்டோமானால் ஒரு காப்பியாவது அவருக்குப் போய்ச் சேர வேண்டும். இதுதான் என் கட்சி.

மகளோடு பேச்சு இல்லாத அந்த வாரத்தில் அவளுடைய புத்தகங்களை நானே புரட்டினேன். அவள் பட்டியலில் நான்காவது ஆள் டோரதியா லாங். 1936 மார்ச்சில், அமெரிக்காவின் பெரும் மந்த காலத்தில், கலிஃபோர்னியாவில் நிப்போமோ என்ற இடத்தில் பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் ஒரு தாயை எடுத்தார். இரண்டு பக்கமும் குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளில் சாய்ந்திருக்க, மடியில் கைக்குழந்தை, கன்னத்தில் கை. 'மைக்ரன்ட் மதர்' என்று பேர். பிழைப்புத் தேடி ஊர் விட்ட தாய். இந்த நூற்றாண்டில் யார் வறுமையைப் படம் பிடித்தாலும் அந்தப் படத்தின் நிழல் அதில் விழாமல் இருக்காது. என் மகள் எடுத்ததிலும் விழுந்திருக்கிறது, அந்தக் கையைப் பாருங்கள்.

லாங் அந்த முகாமின் பலகையைப் பார்த்தும் நிற்காமல் இருபது மைல் போய்விட்டார். பிறகு மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். பத்து நிமிஷம்போல இருந்தார். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. இதை அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். படம் பத்திரிகையில் வந்ததும் அரசாங்கம் அந்த முகாமுக்குச் சுமார் 9,000 கிலோ உணவு அனுப்பியது. எத்தனையோ பேர் பசியாறினார்கள், மறுக்கவில்லை. ஆனால் படத்தில் இருந்த குடும்பம் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டது.

அவர் பெயர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1978-ல். நாற்பத்திரண்டு வருஷம்! அப்போது அவர் சொன்ன குறைகளைப் படித்தபோது எனக்கு என்னவோ என் கவுண்டரில் வந்து நின்று புகார் சொல்வது மாதிரியே இருந்தது. பேர் கேட்கவில்லை. படத்தை விற்கமாட்டேன் என்றார். ஒரு காப்பி அனுப்புகிறேன் என்றார், வரவே இல்லை. ஒரு பைசா பார்க்கவில்லை. (நியாயமாகச் சொன்னால் லாங்கும் பார்க்கவில்லை. அவர் அரசாங்கச் சம்பளத்தில் எடுத்த படம், அரசாங்கச் சொத்து.) அதைவிட எனக்கு உறைத்தது வேறு. சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றுவிட்டார்கள் என்று லாங் குறித்து வைத்திருந்தார். அந்தக் குடும்பம் அதை மறுத்தது. கார் வழியில் ரிப்பேர் ஆகி அங்கே நின்றிருந்தார்களாம், அவ்வளவுதான். ஒரு முகத்தைப் பார்த்துக் கதை எழுதிக்கொள்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

இது ஏதோ பழைய காலத்துச் சங்கதி என்று தள்ளவும் முடியவில்லை. 1985 ஜூனில் நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் வந்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியை நம் வயசுக்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்போம். ஸ்டீவ் மெக்கரி எடுத்தது. அவள் பெயர் ஷர்பத் குலா என்பது 2002-ல் அவரைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் தெரிந்தது. பதினேழு வருஷம் உலகம் முழுக்கச் சுற்றிய முகம், பெயரில்லாமல். பேங்க்கில் பெயர் கேட்காமல் பத்து ரூபாய்க்குக் கணக்குத் திறக்க முடியாது :-)

மகளிடம் போய், பெரியவர்கள் எல்லாரும் தப்பு செய்தவர்கள் என்று நிரூபிக்க எனக்கு ஆசை இல்லை. அப்படிச் சொன்னால் பொய். அவளுடைய ஐந்தாவது ஆளைப் படித்தபோதுதான் எனக்கே பேச வழி கிடைத்தது. தயானிதா சிங். ஆற்றுக்கு இந்தப் பக்கம் குஜரி பஜார் என்றால், அந்தப் பக்கம் பால்டியில் இருக்கும் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் மாணவியாக இருந்தவர். ஜாகிர் ஹுசேன் கச்சேரியில் படம் எடுக்கப் போனவரை நிகழ்ச்சி நடத்தியவர் ஒருவர் தடுத்துத் தள்ளிவிட, கீழே விழுந்தார். அந்த அவமானத்தோடு வீட்டுக்குப் போகவில்லை. ஜாகிரையே நேரில் பார்த்துப் பேசி, அவரோடு ஆறு குளிர்காலங்கள் ஊர் ஊராகச் சுற்றினார். 1986-ல் வந்த அவருடைய முதல் புத்தகம் அதுதான். ஒரு மாணவி அசைன்மென்டாகத் தொடங்கிய வேலை!

நான் சொல்ல வந்தது அதற்கும் அடுத்தது. 1989-ல் ஒரு லண்டன் பத்திரிகைக்காக டெல்லியில் மோனா அகமது என்ற திருநங்கையைப் படமெடுத்தார். லண்டன் பத்திரிகை என்று தெரிந்ததும் மோனா பதறிவிட்டார், அங்கே அவருடைய சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், பார்த்துவிடுவார்கள். ஃபிலிமைத் திருப்பிக் கொடு என்றார். தயானிதா கொடுத்துவிட்டார். ஃபிலிம் காலம் அது, கொடுத்தால் போயே போச்சு. வேலையும் போச்சு, படமும் போச்சு. ஆனால் அந்த இடத்தில் தொடங்கிய சிநேகம் 2017-ல் மோனா சாகிறவரை இருந்தது. 2001-ல் 'மைசெல்ஃப் மோனா அகமது' என்று புத்தகம் வந்தபோது, அதில் உள்ள வாசகம் மோனாவே பதிப்பாளருக்குச் சொல்லி எழுதிய மின்னஞ்சல்கள். தன் படத்துக்குத் தானே தலைப்பு எழுதிக்கொண்ட மாதிரி. அதே தயானிதாவுக்கு 2022-ல் ஹாசல்பிளாட் விருது கொடுத்தார்கள். புகைப்படத்துக்கான மிகப் பெரிய விருதுகளில் ஒன்று அது.

இந்த ஃபிலிம் கதையை மட்டும் ராத்திரி மகளிடம் சொன்னேன். அவள் பாணியைப் படித்திருந்தாள், நோட்டில் 'சதுர ஃபிரேம், கறுப்பு வெள்ளை, உள்ளறை வெளிச்சம்' என்று எழுதி வைத்திருந்தாள். ஃபிலிமைத் திருப்பிக் கொடுத்தது அந்த நோட்டில் இல்லை. அது பாணியில் சேராதா என்று கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் மறுநாள் காலேஜிலிருந்து வரும்போது அந்தப் படத்தில் ஒரு சின்னப் பிரிண்ட் கையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் குஜரிக்குப் போனோம். அதே இடம், அதே கோணி. மகள் குஜராத்தியில் 'பா' என்று கூப்பிட்டு (அம்மாவை, வயசான பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) படத்தைக் கொடுத்தாள். எனக்கு வயிறு கலங்கியது. திட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதல் கேள்வி, "ரங் க்யா கயோ?" கலர் எங்கே போச்சு? அன்றைக்கு அவர் போட்டிருந்தது சிவப்பும் பச்சையுமாக ஒரு பந்தனி ஓட்னியாம், மகன் வாங்கிக் கொடுத்ததாம், அதை இப்படிச் சாம்பல் பூசி வைத்திருக்கிறாயே என்றார். ரகுபீர் சிங் இருந்திருந்தால் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பார்.

படத்தில் ஏன் அழுகிற மாதிரி இருக்கிறேன் என்பது இரண்டாவது கேள்வி. அன்றைக்கு என்ன துக்கம் என்று மகள் மெதுவாகக் கேட்டாள். அவர் யோசித்தார். அப்புறம் ஞாபகம் வந்து கடகடவென்று சிரித்தார். காலையில் ஒருத்தன் ஒரு பித்தளை அண்டாவை ஐம்பது ரூபாய் குறைவாகக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டானாம், அதை எதில் ஈடுகட்டலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாராம். எனக்கு அந்த அம்மாவை அந்த இடத்திலேயே பிடித்துப்போய்விட்டது. துணையும் இல்லாமல் இல்லை. அதே வரிசையில் இந்தப் பக்கம் ஒரு மருமகள், அந்தப் பக்கம் ஒரு மருமகள், கடை போட்டிருக்கிறார்கள். மகள் நாலு பக்கமும் கத்தரித்தபோது வெளியே விழுந்தது அவர்கள்தான்.

"உங்க ஆளு படத்தைக் கத்தரிக்க மாட்டார்னு சொன்னியேட்டி" என்றேன். கடிக்கிற மாதிரி பார்த்தாள்.

அந்த அம்மாவின் பெயரைக் கேட்டாள், நோட்டில் எழுதிக்கொண்டாள். இங்கே நான் எழுதப் போவதில்லை. இங்கே எழுதலாமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொல்லி, தலைப்பை மாற்ற வேண்டும் என்றிருக்கிறாள். இது அசைன்மென்ட்தானே, பத்திரிகையா, மார்க்கும் போட்டாயிற்று, விடு என்றாராம். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை, அறுபது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவர். ஆனாலும் எனக்கு ஒரு ஆசை. கேமரா கோணத்துக்கு இத்தனை, வெளிச்சத்துக்கு இத்தனை என்று மார்க் பிரிக்கிறார்கள் அல்லவா, நூற்றில் ஒரு பத்து மார்க்கை இதற்கு ஒதுக்கட்டுமே. பேர் கேட்டாயா, பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்தாயா, பார்த்துவிட்டு அவர் என்ன சொன்னார். இவ்வளவுதான். படம் எடுத்த பிறகு கேட்டாலும் போதும். மகள் சொல்கிற அந்த நொடியும் கெடாது. பக்கத்து வதோதராவில் கடைசிக் காலத்தை வாழ்ந்த ஹோமாய் வியாரவாலா, நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர், 1970-ல் கேமராவை மூட்டை கட்டி வைத்துவிட்டார். புதிதாக வந்த புகைப்படக்காரர்கள் மரியாதை தெரியாமல் நடந்துகொள்கிறார்கள், இனி இந்த வேலை வேண்டாம் என்பது அவர் சொன்ன காரணம். அவர் மகள் பட்டியலில் இல்லை. ஆறாவதாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

தலைப்பு விஷயத்தில் மகள் ஆசிரியரை இரண்டாம் தடவை கேட்கவில்லை. சாயங்காலம் எல்லாரும் போன பிறகு 'அலோன்' சீட்டைத் தானே உரித்துவிட்டு, 'குஜரி பஜார், ஞாயிறு, பகல் 11 மணி' என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தாள். கார்த்தியே-பிரெஸ்ஸோனும் ஊரும் வருஷமும் மட்டும்தான்ப்பா போடுவார் என்றாள். அவரை விடமாட்டாள் போல.

முழுதாக என் பக்கம் வந்துவிட்டாள் என்று எழுதினால் இதைப் படித்துவிட்டு என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள் (தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், ஆனால் இதற்கென்று உட்கார்ந்து படிப்பாள்). முதலில் கேட்டிருந்தால் அந்தப் படமே இருந்திருக்காது என்பதில் அவள் இன்னும் உறுதி. எனக்கும் அதற்குப் பதில் இல்லை. அந்தப் படம் இல்லாமல் போயிருந்தால் எனக்கும் வருத்தம்தான்.

அன்றைக்குக் கிளம்பும்போது அந்த அம்மா எங்களை நிறுத்தினார். பேரன் ஒருத்தன் பள்ளிக்கூடத்துக்குப் போகிறான், அவனோடு சேர்த்து ஒரு படம் வேண்டும் என்றார். ஓட்னியை இழுத்துச் சரி பண்ணிக்கொண்டார். பையனுக்குத் தண்ணீர் தொட்டுத் தலை வாரினார். இரண்டு பேரும் விறைப்பாக நின்று கேமராவை நேராகப் பார்த்தார்கள், சிரிக்கவில்லை. காது நன்றாகத் தெரிந்தது. மகள் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு எடுத்தாள்.

கலரில்தான் வேண்டுமாம், இரண்டு காப்பி. ஒன்று கிராமத்துக்கு அனுப்ப. இந்த ஞாயிறு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.